முதுகுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி

அவர் ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது.

உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகும் அந்த நதிக்கரையில், சுற்றுலாப் பயணிகளை உலாவ அழைத்துப் போகிற வழிகாட்டி அவர். விருந்தாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது கொள்கை. அதனால் கூட்டத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்புறமாக நடப்பார். சக வழிகாட்டிகள் வைத்த பெயர் ரிவர்ஸ். கரையின் ஒவ்வொரு கல்லுக்கும் அவர் குதிகாலைத் தெரியும், முகத்தைத்தான் தெரியாது.

இன்று முதல் தடவையாக மனைவியும் கூட்டத்தில். வீட்டில் இவர் வாயைத் திறந்தாலே மிக்ஸியைப் போட்டுவிடுகிற புண்ணியவதி. அவளை ஒரே ஒரு முறை சிரிக்க வைத்துவிட்டால் பிறந்த பயனை அடைந்துவிடலாம் என்று விடிந்ததிலிருந்து கனவு கண்டுகொண்டிருந்தார்.

"இந்த ஆத்துல முழுகினவங்களைவிட என் பேச்சுல..." என்று இழுக்கும்போதே சிரிப்பு. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் அந்தக் கண் இவர்மேல் இல்லை. இவர் தோளுக்கு மேலே, பின்னால் எங்கோ.

வெயில் இறங்கி, ஈரக் கல்லின் பாசி வாசனையும் படகுகளின் டீசல் புகையும் ஒன்றாகக் குழைந்து மூக்கில் ஏற, கரை விளக்குகள் தண்ணீரில் மஞ்சளாக நெளியத் தொடங்க, எல்லோரும் பழைய பாலத்தின் அடியில் நுழைந்தபோது, அந்த வளைவின் எதிரொலிக்குள் அவருக்கு அது கேட்டது. தன் குரல். தன் இருமல். தான் இன்னும் சொல்லாத அடுத்த கதை. முதுகுக்குப் பின்னாலிருந்து.

நின்றார். கழுத்து துருப்பிடித்த நட்டு மாதிரி திரும்ப மறுத்தது. விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் கூட்டம் அவரைச் சுற்றிக் கடந்தது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக அவள். எட்டி மணிக்கட்டைப் பிடித்தார். பின்னால் பேசுவது யாரென்று கேட்டார். அவர் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கையை விடுங்க சார். என் வீட்டுக்காரர் பேசிட்டிருக்கார், கேக்க வேணாமா?"

உதறிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் கழுத்து திரும்பியது.

எல்லாம் முதுகுகள். அவற்றுக்கு அப்பால், விளக்கடியில், பின்புறமாக நடந்துகொண்டு ஒரே ஒரு முகம்.

அவர் முகம்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் அங்கிருந்து வந்தது.

"செல்லம்."

"இதோ வந்துட்டேங்க" என்று ஓடினாள் அவள்.

மறுபடி கத்தினார். மறுபடியும் அங்கிருந்துதான். அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

முதுகுகள் சிறுத்துக்கொண்டே போயின. அந்த முகம் மட்டும் இவரையே பார்த்தபடி. இமைக்காமல். சிரித்துக்கொண்டு.