பெரிய பட்டனும் சின்ன பட்டனும்

டாய்லெட்டில் போட்ட காகிதம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே மிதந்தது.

“போகலையே அப்பா!” என்றாள் பிப்பா.

“போகும், போகும்.” அப்பா ராஸ் பெரிய பட்டனை மறுபடி அமுக்கினார். ‘சொர்ர்’ என்று கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றது. காகிதம் நகரவில்லை.

டாய்லெட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த பழைய வால்வு பல நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. இன்று காலை அப்பா புதிது வாங்கிவந்து, தானே மாட்டினார். ஒழுகல் நின்றது. கூடவே வேகமும் போய்விட்டது.

பிப்பா பண்டபெர்க் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, முதல்முறையாக இன்று அவளுடைய கால்பந்துக் குழு மொத்தமும் சாப்பிட வருகிறது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு டாய்லெட்!

“ராஸ், பிளம்பரைக் கூப்பிடேன்!” என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

“சனிக்கிழமை எவன் வருவான்? நானே பாத்துக்கறேன்.”

“நீ பாத்துதானே இந்தக் கதி!”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. தொட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தது. வால்வின் தலையை விரலால் அழுத்தினார். தடதடவென்று தண்ணீர் பாய்ந்தது. காகிதத்தைக் காணோம்!

“சரியாயிடுச்சு!” என்று துள்ளினாள் பிப்பா.

தொட்டி நிறைந்ததும், அப்பா மூடியை மாட்டிப் பெரிய பட்டனை அமுக்கினார்.

சொர்ர்.

“மூடி இல்லேன்னா புலி, போட்டா பூனை. என்னடா இது!” என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

பிப்பாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. மூடி போட்டிருப்பது தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

“அமுக்கி அமுக்கியே மழைத்தண்ணி டேங்கைக் காலி பண்ணிடாதீங்க!” மறுபடியும் அம்மாவின் குரல்.

அதுவும் சரிதான் என்று நினைத்தாள் பிப்பா. சின்ன பட்டனுக்குப் பாதித் தண்ணீர்தானே செலவாகும்? தொட்டி நிறைந்ததும் சின்ன பட்டனை அமுக்கினாள்.

தடதடதட! இருவரும் பின்னால் குதித்தார்கள்.

“என்ன செஞ்சே?”

“சின்னதைத்தான் அமுக்கினேன்!”

“அதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி வருது?”

பிப்பா யோசித்தாள். பெரியதை அமுக்கினால் கொஞ்சம், சின்னதை அமுக்கினால் நிறைய... அப்படியானால்?

“அப்பா, மூடியைத் திருப்பிப் பிடிங்க, பாக்கலாம்.”

மூடியின் அடியில், பட்டனுக்கு ஒன்றாக இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வால்வின் தலையிலும் இரண்டு இடங்கள்: ஒன்று முழுத் தண்ணீருக்கு, இன்னொன்று பாதிக்கு. மூடியை வைக்கும்போது பிப்பா குனிந்து பார்த்தாள். பெரிய பட்டனின் குச்சி, பாதித் தண்ணீர் இடத்தில் போய் உட்கார்ந்தது!

“அப்பா, வால்வை நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க! பட்டன்தான் இடம் வலமா மாறியிருக்கு.”

அப்பா இரண்டு பட்டன்களும் சேர்ந்த வட்டைக் கழற்றி, அரை வட்டம் திருப்பி மாட்டினார். பிப்பா பெரிய பட்டனை அமுக்கினாள். தடதடதட!

அம்மா ஓடிவந்தாள். “அட! யார் சரி பண்ணினது?”

அப்பா வாயைத் திறப்பதற்குள், “நாங்க ரெண்டு பேரும்!” என்றாள் பிப்பா.

மதியம் தோட்டத்தில் அப்பா சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து கோல்கீப்பர் கீரா கண்கள் விரிய ஓடிவந்தாள்.

“பிப்பா, உங்க டாய்லெட் அருவி மாதிரி இரையுது! நான் பயந்தே போயிட்டேன்!”

அப்பா இடுக்கியை உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகக் கேட்டார்:

“வேற யாருக்காவது போகணுமா?”