மூன்று தட்டு

"கொஞ்சம் மெதுவாத்தான் இருமுங்களேன். தலை பிளக்குது."

"இருமல் என்ன ரேடியோவாடி, திருகிக் குறைக்க?"

மூடிய கதவுக்கு உள்ளே பஸ் டிரைவர். வெளியே அவர் மனைவி, தையல்காரி. தொற்று வந்து இருவரையும் பிரித்து ஐந்து நாள் ஆகியும் சண்டையைப் பிரிக்க முடியவில்லை. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டது. அவளுக்கு ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி. போன மாதம் அதே காய்ச்சல் அவளுக்கும் வந்து போனதிலிருந்து வலி இடது நெற்றிப்பொட்டிலேயே குடித்தனம் வைத்துவிட்டது. வெளித்தாழ்ப்பாள் போட்டதும் அவள்தான். மனிதரை நம்ப முடியாது, டீ போடுகிறேன் என்று எழுந்து வந்துவிடுவார்.

பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். போன் மணி அடித்தால் அவளுக்குத் தலை வெடிக்கும். அதனால் ஓர் ஏற்பாடு. ஸ்பூனால் நடுச்சுவரில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் மாத்திரை. மூன்று என்றால் கதவைத் திற. ஹாரன் அடித்தே பழகிய கை சும்மா இருக்குமா? நாளெல்லாம் தண்ணீர்தான்.

ஆறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, கோட்டு தைக்க வாங்கிய கறுப்புத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, காதில் பஞ்சடைத்து, துண்டால் நெற்றியை இறுக்கிக்கொண்டு அவள் அந்தச் சுவரோரம் படுத்தபோது, தைல நெடியும் கிருமிநாசினி நெடியும் கலந்து குமட்ட, தையல் மிஷினின் நிழல்கூடக் கண்ணைக் குத்த, நெற்றிப்பொட்டுக்குள் அது தொடங்கியது.

டொக். டொக். டொக்.

ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

நாடிதான் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் வலி இப்படித்தான் சுத்தியலோடு வரும். பஞ்சடைத்த காதில் வேறென்ன விழும்?

"சும்மா இருந்து தொலை," என்றாள் வலியிடம், சத்தமாக.

சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் நின்றது.

நாலு மணிக்கு விழித்தாள். வலி இல்லை. பஞ்சை எடுத்தாள். இருமலும் இல்லை. சுவரைப் பார்த்தாள்.

நாடி மூன்றோடு நின்று மூச்சு வாங்குமா?

தாழ்ப்பாளை இழுத்தாள்.

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. கையில் ஸ்பூன், வளைந்து. அவள் தலை வைத்துப் படுத்த இடத்துக்கு நேர் எதிரே, சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி.

ஊரடங்கு தளர்ந்ததும் தங்கை வந்து அவளைக் கூட்டிப்போனாள். அடுத்த வருடம் தங்கைக்குக் கல்யாணமானது; அக்காவையும் சாமானோடு சாமானாக வண்டியில் ஏற்றிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள். புது மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல்காரிதான் பகலெல்லாம் இருட்டில் உட்கார்ந்து, இடது நெற்றிப்பொட்டை நகத்தால் தடவித் தடவித் தேடுகிறாளாம்.

"தாழ்ப்பாள் எங்கடி? இங்கதானே எங்கயோ இருக்கணும்."

நகம் சிவந்திருந்தது. தங்கை அவள் கையைப் பிடித்து விலக்கி, தலையை இழுத்துத் தன் கன்னத்தோடு அணைத்துக்கொண்டாள்.

எலும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூன்று.