இலுப்பைமரத்து முடிச்சு

மான் அன்றைக்கும் தப்பிவிட்டது. ஓடையைத் தாவி, ஈச்சம்புதருக்குள் புகுமுன் ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. தப்பியதைக்கூட இசக்கிதுரை பொறுத்துக்கொள்வான். திரும்பிப் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஈட்டியைத் தரையில் ஓங்கிக் குத்தினான். வீட்டு மாடி அறையில், உருள்தளத்தின் மேல் நின்றிருந்த அவன் நிஜக் கை காற்றைத்தான் குத்தியது. ஆனாலும் உடம்போடு ஒட்டியிருந்த புலன்கவசம் பாறையில் குத்திய அதிர்ச்சியைத் தோள்பட்டை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

கவசம் மாட்டி ஆடும் கானவேட்டை விளையாட்டு வந்தபிறகு பாளையங்கோட்டையே வேட்டைக்காரர்கள் ஊராகிவிட்டது. கொசுவை அடிக்க நாலு முறை யோசிக்கிற ஆள்கள் எல்லாம் காலையில் ஒரு காட்டுப்பன்றியைச் சாய்த்துவிட்டு, சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போனார்கள். டீக்கடையில் அரசியல் பேச ஆளில்லை. இசக்கிதுரையும் அப்படிப்பட்ட சாதுதான். பால் கூட்டுறவுச் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலை. தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவனிடம்கூட, "அண்ணாச்சி, இன்னைக்கு மாடு கொஞ்சம் அதிகமா தண்ணி குடிச்சிட்டோ?" என்று கேட்டுத்தான் திருப்பி அனுப்புவான்.

கானவேட்டையின் பெருமை அதன் காடு அல்ல. காட்டை எந்த நிறுவனமும் வரைந்துவிடும். அதில் வெறிமானி என்று ஒன்று இருந்தது. நெஞ்சுத் துடிப்பையும், உள்ளங்கை வியர்வையையும், மூளையின் கொதிப்பையும் கூட்டிப் பார்த்து, இவன் நிஜமாகவே இந்த விலங்கைக் கொல்ல விரும்புகிறானா என்று அது அளக்கும். அதன் முள் பார்வையின் ஓரத்தில் சிவப்பாக ஆடிக்கொண்டிருக்கும். முள் ஏறாதவன் காடு முழுக்கச் சுற்றினாலும் ஒரு முயலைக்கூடக் காணமாட்டான். அங்கே நடிப்பு செல்லாது. விலங்குகளும் அப்படித்தான். பழைய விளையாட்டுகளில் வந்த கணினி விலங்குகளின் சூட்சுமம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். இவையோ உயிருக்குப் பயந்து ஓடின, யோசித்தன, ஏமாற்றின. எப்படி இதைச் செய்தார்கள் என்று நிறுவனம் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்தவன் அடுப்படியை எட்டிப் பார்ப்பானா? யாரும் கேட்கவில்லை.

இசக்கிதுரை சங்கத்தில் நீண்ட விடுப்பு போட்டிருந்தது வேட்டைக்காக அல்ல, மனைவிக்காக. லாரி இடித்ததில் செண்பகவடிவின் முதுகுத்தண்டு நொறுங்கியது. எலும்பைச் சேர்த்தாயிற்று, நரம்பையும் ஒட்டியாயிற்று. ஆனால் தனக்கு இரண்டு கால் இருக்கிறது என்பதை அவள் மூளை நம்ப மறுத்துவிட்டது. அதற்காக மறுவாழ்வு மருத்துவமனையில் 'நடைவனம்' என்ற சிகிச்சை நடந்தது. அவளுக்கும் கவசம் மாட்டி, ஒரு சோலைக்குள் இறக்கிவிடுவார்கள். சோலையில் நடக்க நடக்க, மூளை மறந்த வழியை நரம்பு மறுபடி போட்டுக்கொள்ளும் என்றார்கள். தினமும் காலையில் அந்தப் பயிற்சி. அப்போது பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், அந்த நேரத்தில் அவன் காட்டுக்குப் போய்வந்தான்.

முதலில் பொழுதுபோக்காகத்தான் இருந்தது. அந்தப் புள்ளிமான் எதிர்ப்பட்ட பிறகு கதை மாறிவிட்டது. நொண்டி நொண்டி வந்த மான் அது. சுலபமாக அடித்துவிடலாம் என்று நினைத்தான், முடியவில்லை. நாளுக்கு நாள் அதன் ஓட்டம் கூடிக்கொண்டே போயிற்று. மருத்துவமனையில் வடிவுக்குத் தலைவாரி விடும்போதுகூட, ஓடைக்கு இந்தப் பக்கம் மடக்கியிருந்தால் என்ன என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

மறுநாள் காட்டில் அவன் ஒரு காரியம் செய்தான். அவர்கள் வீட்டில், ஏதாவது நடக்கவேண்டும் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்துகொள்வது வழக்கம். பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, காணாமல்போன சாவிக்குக்கூட வடிவு முடிந்து வைப்பாள். காரியம் நடந்ததும் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவாள். இசக்கிதுரை தன் தலைப்பாகையிலிருந்து ஒரு துண்டு கிழித்தான். காட்டு மஞ்சள் கிழங்கை உரசிப் பூசினான். இடுப்புப் பையில் கிடந்த செப்புக்காசை அதில் வைத்து முடிந்து, மேட்டிலிருந்த இலுப்பைமரக் கிளையில் கட்டினான்.

"மாடசாமி, இந்த மான் எனக்கு விழணும்" என்று வாய்விட்டே சொன்னான்.

பெண்டாட்டி எழுந்து நடக்க வேண்டும் என்று இதுவரை ஒரு முடிச்சு போட அவனுக்குக் கை வரவில்லை. அந்த நினைப்பே அப்போது எழவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

பிறகு நடந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. துரத்தலில் தப்பித்த மான், தானாக மேடேறி அந்த இலுப்பைமரத்தடிக்கே வந்தது. வந்து, இனி ஓட வேண்டியதில்லை என்பதுபோல் முடிச்சுக்குக் கீழே நின்றது. மூச்சு வாங்கியது. களைத்துத் திரும்பி வந்து மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த இசக்கிதுரை ஈட்டியை எறிந்தான். முள் உச்சியை நெருங்கி ஆடியது. கண்ணீர் வர, அவன் மாடி அறையில் குதித்துக் கூத்தாடினான்.

அந்தச் சந்தோஷத்தோடு மத்தியானம் மருத்துவமனைக்குப் போனான். டாக்டர் அமலோற்பவம் வராந்தாவிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். "சார், இன்னைக்கு உங்க மிஸஸ் ஓடியிருக்காங்க! நிஜக் கால் ரெண்டும் உதைச்சிருக்கு. முட்டியில நாங்க கைவச்சுப் பார்த்தோம்."

வடிவு கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு சிரிப்பு.

"எங்கிட்ட மறைச்சிட்டியளே?" என்றாள்.

"எதை?"

"முடிஞ்சு வச்சதை. சோலைக்குள்ள மஞ்சத்துணி கட்டியிருந்தியள்லா, மேட்டுல, இலுப்பமரத்துல. டாக்டரம்மாகிட்ட சொல்லி வைக்கச் சொன்னியளோ?"

"நான்தான் கட்டினேன்னு எப்படித் தெரியும்?"

"நல்லாருக்கே! இடது கையால இழுத்து ரெட்டை முடிச்சுப் போடுத ஆளு உலகத்துல வேற யாரு? உங்க முடிச்சை அவுத்து அவுத்து என் நகமே போச்சு." சிரித்தவள் சட்டென்று அடங்கினாள். "இத்தனை நாளும் உங்ககிட்ட சொல்லல. அந்தச் சோலையில ஒரு செந்நாய் வருதுங்க. கன்னுக்குட்டி உசரம் இருக்கும். தினமும் தொரத்துது. டாக்டரம்மா, பயந்தாத்தான் கால் வரும்னாவ, பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஓட முடியாம விழப்போற நேரம் பாத்து உங்க முடிச்சு கண்ணுல பட்டுச்சு. எனக்காக நேந்திருக்காவ, அங்கன போயி நின்னா ஒண்ணும் தொடாதுன்னு ஓடுனேன்."

"பெறகு?"

"அதுக்குப் பின்னாலதான் நின்னுச்சு அது."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது அவனுக்குப் பயங்கரமாக இருந்தது.

"வலிச்சுதா?" என்றான்.

"வலியில்ல. ஐஸை நெஞ்சுல வச்சாப்ல இருந்துச்சு. பெறகு எல்லாம் இருட்டு." அவன் கையைப் பிடித்தாள். "அந்த முடிச்சாலதான் கால் வந்துச்சு, இனிமேயும் அங்கதான் ஓடுவேன். நீங்க முடிஞ்சதுதானே?"

"ஆமா" என்றான். "நான் முடிஞ்சதுதான்."

டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் அவன் உட்காரக்கூட இல்லை. அந்தச் செந்நாய் யார் என்று கேட்டான். அவர் மழுப்பவில்லை.

"கணினி செஞ்ச மிருகத்தை மூளை ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடும் சார். பொய் பயத்துக்கு நரம்பு அசையாது. நிஜமாவே கொல்ல நினைக்கிற ஒரு மனசு எதிர்ல வேணும். வேட்டை விளையாட்டுக்காரங்களுக்கோ நிஜமாவே பயப்படுற விலங்கு வேணும். ரெண்டு தேவையையும் நிறுவனம் சேர்த்துவச்சிடுச்சு. அவங்களுக்கு இவங்க மானாத் தெரிவாங்க, இவங்களுக்கு அவங்க நாயாத் தெரிவாங்க. மரம், கல், கையால செய்யற சாமான், இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். யாரு யாருன்னு எங்களுக்கே சொல்லமாட்டாங்க."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஊர் முழுக்க எத்தனை மருத்துவமனைகள், எத்தனை முயல்கள், எத்தனை காட்டுப்பன்றிகள்! டீக்கடையில் பீற்றிக்கொண்ட முகங்கள் எல்லாம் அவனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

"நிறுத்துங்க. நாளையிலேர்ந்து வேண்டாம்."

"நிறுத்தலாம். ஆனா அவங்க படுக்கையிலதான் இருப்பாங்க. மத்த வேட்டைக்காரங்க அரைமனசா வர்றாங்க, போறாங்க. இந்த ஒருத்தர்தான் விடாம வர்றார். அவர் வந்த பிறகுதான் இவங்க கால் அசைஞ்சுது. அந்த ஆளு யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்னு நாங்க தினமும் நினைச்சுக்கறோம்."

"அது நான்தான் டாக்டர்."

அமலோற்பவத்தின் கை மேசையில் அப்படியே நின்றது. அவர் அதிர்ந்துபோனதை இசக்கிதுரை கண்ணால் பார்த்தான். பார்த்ததில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... நாளைக்கும் வருவீங்கதானே?"

அவன் போகவில்லை. கவசத்தைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தான். சில நாளிலேயே வடிவின் கால் துவண்டுவிட்டது. "செந்நாய் வரதில்லைங்க. வேற எதெதோ வருது, கொட்டாவி விட்டுக்கிட்டு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். கால்விரலை அசைக்க முயன்று, முடியாமல், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போது விட்டுவிட்டால் நரம்பு போட்ட வழி மூடிக்கொள்ளும், பிறகு யார் துரத்தியும் பயனில்லை என்றார்.

இசக்கிதுரை பரணிலிருந்து கவசத்தை இறக்கினான். அவனுக்கு இருந்தது ஒரே கவலை: வெறிமானி. அந்த மான் யார் என்று தெரிந்துவிட்டதே, இனி முள் எப்படி ஏறும்? கூடப் படுத்து, கூடச் சாப்பிட்டு, ஒரு குடையில் நனைந்த பெண்டாட்டியைக் கொல்ல எந்த மனசு விரும்பும்? முள் ஏறாமல் அவளைக் கைவிட்டுவிடுவோமோ என்று பயந்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஏறாவிட்டால், தான் நல்லவன் என்றாவது ஆகும். எதற்கும் இருக்கட்டும் என்று, கோபம் வரவழைப்பதற்காக அவர்களுடைய பழைய சண்டைகளை எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டான்.

ஒன்றும் தேவைப்படவில்லை.

ஓடைக்கரையில் மான் தலையைத் தூக்கியதும், உடம்பு தானாகக் குனிந்தது. முள் ஏறியது. 'இது வடிவு, இது வடிவு' என்று அவன் சொல்லிக்கொண்டே ஓடினான். சொல்லச் சொல்ல முள் இன்னும் ஏறியது. மான் நொண்டியது, விழுந்தது, எழுந்தது, பிறகு நொண்டாமல் ஓடியது. ஓடட்டும், ஓடட்டும், கால் வரட்டும் என்று நினைத்தான். அதுவரைக்கும் சரி. ஈச்சம்புதர் அருகே அது வலப்பக்கம் திரும்பியபோது அவன் பின்தொடரவில்லை. சட்டென்று நின்றுவிட்டான்.

அது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

குறுக்கு வழியில் மேடேறி, இலுப்பைமரத்துக்குப் பின்னால் போய் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். மஞ்சள் முடிச்சு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மான் வந்தது. முடிச்சைப் பார்த்து நின்றது. வேறு எந்த வேட்டையிலும் எட்டாத உயரத்துக்கு முள் ஏறி அசையாமல் நின்றது. ஈட்டியை எறிந்த கை அவனுடையதுதான்.

மத்தியானம் மருத்துவமனை வராந்தாவில் சிறு கூட்டம் கூடியிருந்தது. நர்சுகள் கைதட்டினார்கள். சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு செண்பகவடிவு நடந்து வந்தாள். டாக்டர் அமலோற்பவம் மட்டும் கைதட்டவில்லை. அவர் இசக்கிதுரையின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

"நடந்துட்டேன் பாத்தியளா!" என்றாள் வடிவு. வியர்த்திருந்தது, அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது. "காணிக்கையைச் செலுத்திரணும். முடிஞ்சவுக கையாலதான் செலுத்தணும், மறந்துராதீய."

"செலுத்திரலாம்."

அவள் கம்பியிலேயே சாய்ந்து மூச்சு வாங்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "பழைய செந்நாயே வந்துட்டுங்க. ஆனா ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அன்னைக்கு அது அங்க நின்னது தற்செயல்னு நெனச்சேன். இன்னைக்குப் பாதியில தொரத்துறதை விட்டுட்டு, எனக்கு முன்னாடியே போயி மரத்துக்குப் பின்னால நின்னுச்சு. நான் அங்கதான் வருவேன்னு அதுக்கு யாருங்க சொல்லியிருப்பா?"

அவள் கம்பியை விட்டுவிட்டு, இசக்கிதுரையை நம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். ஓடிப்போய்த் தாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் நகரவில்லை. லேசாக முட்டி மடக்கி நின்று, அடுத்த காலை அவள் எந்தப் பக்கம் வைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.