சரிபாதி

அந்த இருமலை அவள் அன்று காலையில்தான் எழுதியிருந்தாள்.

காய்ந்த இருமல் இல்லை. அடித்தொண்டையில் எதையோ கிளறி, மேலே கொண்டுவர முடியாமல் பாதியில் விட்டுவிட்டு, கடைசியில் மெல்லிய விசில் சத்தத்தோடு அடங்குகிற ஈர இருமல். ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று விசில் வரைக்கும் விவரித்திருந்தாள். மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அதே இருமல் வந்தது. கிளறியது. பாதியில் நின்றது. விசில் அடித்தது.

அக்கா மாதக்கணக்கில் படுத்த படுக்கை. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக உறுமுகிற ஆக்ஸிஜன் மெஷின். மூச்சு வாங்குவாள், முனகுவாள், ஆனால் இருமியதே இல்லை. இருமுவதற்குக்கூட அந்த நெஞ்சில் தெம்பில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அவள் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையப் பாரு."

அக்கா எப்போதாவது தூக்கத்தில் இருமியிருப்பாள், அது தன் காதில் விழுந்திருக்கும், அதைத்தான் தான் எழுதியிருக்கிறோம் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள். கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. எதற்கும் ஒரு காரணத்தைக் கட்டிவிடுவார்கள்.

அவள் எழுதுவது வீடியோ கேமுக்கு. ஏற்கெனவே நன்றாக விற்ற ஒரு விண்வெளி விளையாட்டுக்கு, இன்னும் கொஞ்சம் கறக்கலாம் என்று கம்பெனி ஒட்டுப்போடுகிற புது அத்தியாயம். கதை இவ்வளவுதான்: விண்கப்பலில் ஓட்டை, கீழ்த்தளத்தில் காற்று கசிகிறது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், கேப்டனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த இன்ஜின் கிழவி. கதவைத் திறந்தால் கிழவி பிழைப்பாள். வெளியே போகிற காற்றில், மேல்தளத்தில் தூங்குகிறவர்களில் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். விளையாடுகிறவன்தான் கேப்டன். திரையில் இரண்டே பொத்தான்கள். திற. சாத்து.

கிழவியை அக்காவைப் பார்த்துத்தான் எழுதினாள். அம்மா, அப்பா போன பிறகு அவளைத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பியவள், காய்ச்சல் என்றால் கண்கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தனக்கென்று ஒரு வாழ்க்கையே வைத்துக்கொள்ளாதவள் அக்கா. அப்படி ஒருத்தியை எழுதி வைத்தால் எவன் கதவைச் சாத்துவான்? முதல் சோதனையில் விளையாடிய அத்தனை பேரும் திறந்தார்கள். ஒருத்தன் அழுதேவிட்டானாம்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. குழுவின் தலைவனுக்கு ஆபீசில் பட்டப்பெயர் தராசு. அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவன், பேச்சில் மட்டும் தாத்தா. பாதிப் பேர் திறக்க வேண்டும், பாதிப் பேர் சாத்த வேண்டும், அப்போதுதான் ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள், அப்போதுதான் கேமைப் பற்றி ஊரே பேசும் என்பது அவன் கணக்கு.

"மேடம், எல்லாரும் திறந்துட்டே போறாங்க. அப்புறம் எங்க இருக்கு தர்மசங்கடம்?" என்றான் போனில். "கிழவிய கொஞ்சம் கசப்பாக்குங்க."

"கசப்பாக்குறதுன்னா?"

"இருமட்டும். நாறட்டும். பாத்தாலே முகம் சுளிக்கணும். பாவம்னு தோணுறதுல பாதி போயிடணும், அவ்வளவுதான்."

இந்தத் தொழிலில் தர்மசங்கடம் இப்படித்தான் தயாராகிறது. எது சரி, எது தப்பு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. சாகப்போகிறவள் மேல் இருக்கிற இரக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கிறார்கள். தட்டு சமமானதும் நிறுத்திக்கொண்டு, ஆழமான கதை என்று விளம்பரம் போடுகிறார்கள்.

இருமலுக்கு அடுத்து வாடையை எழுதினாள். திரையில் நாற்றம் வராது என்பதால் கேப்டனின் வாயால் சொல்ல வைத்தாள்: ஈர இரும்பும் புளித்த பாலும் கலந்த வாடை, கிழவி போன பிறகும் போகாத வாடை. சாயங்காலம் ஜன்னல் கண்ணாடியில் வெயில் மஞ்சளாகி, மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தமும் தெருவில் வண்டிகளின் ஹார்னும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளறைக் கதவின் அடியிலிருந்து அது மெதுவாக வந்து அவள் கால்மாட்டில் நின்றது. அவள் பாலைத் தேடினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள், குப்பைக் கூடையைக் கிளறினாள், விரிப்பை மாற்றினாள், தரையைத் துடைத்தாள். அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வாடை அவள் உடம்பிலிருந்துதான் வந்தது.

அதற்கடுத்து, காலையில் அக்காவைக் குளிப்பாட்ட வருகிற நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இனிமே நான் வரல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

"என்னாச்சு? அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"உன் கை பட்டா புழு ஊர்ற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. வாய் கூசாம சொல்றாங்க. எவ்வளவு தங்கமானவங்க! என்ன ஆச்சு அவங்களுக்கு?"

கேமில் சாப்பாடு கொண்டுவரும் சின்ன மெக்கானிக்கிடம் கிழவி சொல்வதற்கென்று, முந்தின நாள் அந்தப் புழுவை எழுதியவள் அவள்தான்.

இனிமேல் எதைச் சொல்லி மனதைத் தேற்றுவது? நர்ஸம்மா போனதும் உட்கார்ந்து, எழுதியதற்கு நேர்மாறாக ஒரே ஒரு வரி அடித்தாள். 'சாப்பிட்டியா குட்டி? முகமெல்லாம் வாடிப்போச்சே.' கடைசி எழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"சாப்பிட்டியா குட்டி?" உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "முகமெல்லாம் வாடிப்போச்சே."

நடுவில் சுவர் இருந்தது. அக்கா அவள் முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது.

பயத்தில் ஓடியிருக்க வேண்டும். அவளோ அழுதுவிட்டாள். போய்க் கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க நல்லதாகவே எழுதினாள், அக்காவும் நல்லவளாகவே இருந்தாள். இவள் தலையைக் கோதிவிட்டாள், பழைய வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள், வாடைகூட அடங்கிவிட்டது. எழுத்தால் ஒரு ஆளைக் காப்பாற்ற முடியும் என்று அவள் அந்த ஒரு நாள் நம்பினாள்.

மறுநாள் தராசு கூப்பிட்டான்.

"என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? இப்பவும் எல்லாரும் திறக்கறாங்க! மனசு வரலன்னா சொல்லுங்க, வேற ஆள வச்சு எழுதிக்கறேன்."

வேறு ஆள். அக்காவை முன்பின் பார்த்திராத யாரோ ஒருத்தன், இழுத்த இழுப்புக்கெல்லாம் அவளை வளைக்கப்போகிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கெடுத்தாலும் தன் கையாலேயே கெடுப்போம், அளவோடு கெடுப்போம் என்று தோன்றியது. இதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல்முறையாகத் திரையில் தன் பெயர் தனியாக வரப்போகிறது, அது போய்விடுமே என்பதெல்லாம் காரணமே இல்லையாம். நம்புங்கள்.

"நானே எழுதறேன்," என்றாள். "என்ன வேணும்?"

"ஒரு துரோகம். கேப்டனுக்கு மட்டும் பண்ண துரோகம். அதுல தட்டு சாஞ்சிடும்."

எழுதினாள். கேப்டனுக்கு ஒரு காலத்தில் வேறு கிரகத்திலிருந்து அழைப்பு வந்தது. அன்பானவன் ஒருவன், வா என்று கூப்பிட்டான். கிழவி அந்தச் சேதியைத் தடுத்து, தானே பதில் அனுப்பிவிட்டாள். நன்றாக வந்திருந்தது. எழுதி முடித்துவிட்டு உள்ளறைக்குப் போகப் பயந்து, பாத்திரம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள், துணி மடித்தாள், விளக்கைப் போட்டாள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"குட்டி."

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அவன் போன் பண்ணான். நீ குளிச்சிட்டு இருந்த. உனக்கு அவனப் பிடிக்கலன்னு நான்தான் சொல்லி வச்சேன். நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஒரு காலத்தில் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்தினான் என்று அவள் இத்தனை வருஷமாகத் தெரியாமல் வெந்திருக்கிறாள்.

"நெஜமாவா அக்கா?"

அக்கா விழித்தாள். யாரோ தன் வாயை இரவல் வாங்கிப் பேசிவிட்டுப் போனதுபோல விழித்தாள். உதடு ஏதோ சொல்ல முயன்றது. இருமல்தான் வந்தது.

நிஜமா, தான் எழுதியதால் வந்ததா? உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்கா. அக்கா வாயில் இருப்பதோ இவள் எழுத்து. இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. ஆத்திரம் மட்டும் சந்தேகமில்லாமல் வந்தது. அக்காவுக்குக் குழாயைச் சரிசெய்யவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, கதவை இழுத்து மூடிவிட்டு வந்து எழுதிய பக்கத்தை ஆபீசுக்கு அனுப்பினாள்.

இனி தட்டு சமமாகிவிடும் என்று தராசு பூப்படம் அனுப்பினான்.

கேம் வெளியான அன்று மத்தியானம், தன் பெயரைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டு அவளே வாங்கி விளையாடினாள். பெயர் வந்தது. கப்பல் வந்தது. கதவு வந்தது. அந்தப் பக்கம் கிழவி கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். திற. சாத்து.

அவளுக்கு அக்கா மறைத்த அந்த போன் ஞாபகம் வந்தது.

சாத்தினாள்.

உள்ளறையில் மூச்சு நின்றது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு மட்டும் இல்லை. இந்த வீட்டில் இத்தனை நாளும் கடிகாரச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டே இருந்த ஒன்று இல்லாமல், சுவரெல்லாம் கிட்ட வந்துவிட்டது போலிருந்தது. அவள் ஓடினாள். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது, கண் திறந்தபடி இருந்தது. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அக்காவின் நெஞ்சு தூக்கிப் போட்டது. பெரிய மூச்சு. பயந்த மூச்சு. உயிர் வந்துவிட்டது.

"அக்கா! ஐயோ அக்கா, நான் வேணும்னு பண்ணல..."

மறுபடி நின்றது. இந்தத் தடவை அவள் எதையும் தொடவில்லை.

வந்தது. நின்றது.

ஹாலில் போன் அலறியது. தராசு.

"மேடம்! உலகம் பூரா டவுன்லோடு ஆகுது! திறந்தவங்க பாதி, சாத்தினவங்க பாதி. சரிபாதி மேடம், ஜெயிச்சிட்டீங்க!"

"நிறுத்துங்க. திரும்ப வாங்கிடுங்க. எல்லாரும் திறக்கற மாதிரி மாத்துங்க, இப்பவே."

"என்ன விளையாடறீங்களா? வெளிய போனது போனதுதான். இனிமே நம்ம கையில இல்ல."

உள்ளே அக்காவின் கட்டில் குலுங்குகிற சத்தம் கேட்டது. முன்னைவிட வேகமாக. சாகிறவள் ஒருமுறை சாகிறாள். பிழைக்கிறவள் பிழைத்துவிடுகிறாள். தன் அக்காவை மட்டும் இரண்டில் ஒன்றும் ஆக முடியாதபடி தன் கையால் எழுதி வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"அப்ப எல்லாரும் சாத்தற மாதிரியாவது மாத்துங்க," என்றாள். "உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒருத்தரும் திறக்கக் கூடாது."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். பின்னால் யாரோ கைதட்டினார்கள். இணைப்பு போய்விட்டது.

அவள் கட்டிலருகே போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி குளிர்ந்தது. சூடானது. குளிர்ந்தது. ஒவ்வொரு தடவை குளிரும்போதும் விரல்கள் இறுகின, பிரிக்க முடியவில்லை. முகத்தில் நீலமும் சிவப்பும் மாறி மாறி வந்தன. பேசுவதற்கு நேரமில்லை. ஒரு எழுத்துக்குக்கூட மூச்சு நிலைக்கவில்லை. கண் மட்டும் சாகவில்லை. அது நடுவில் ஒருதரம்கூட இமைக்காமல் இவளையே பார்த்தது.

விளையாடுகிற கூட்டம் கூடியது. வேகம் கூடியது. குளிர். சூடு. குளிர். சூடு. கடைசியில் எது எது என்று பிரிக்க முடியாத ஒரே நடுக்கமாக அந்தக் கை அவள் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்க ஆரம்பித்தது.

உலகத்தின் மறுபாதியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.