கறுப்பு அலுமாரிக்குக் கொடுத்த வாக்கு

ஹனோவரில் பழைய தளபாடங்களைத் திருத்துவது என் தொழில். போன மாதம், செத்துப்போன ஒரு ஜெர்மன் கிழவியின் வீட்டில் அலுமாரி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இழுத்து நகர்த்த ஆள் வேண்டுமென்று என் கணவர் உதயையும் கூட்டிப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பகல் இரண்டு மணி. மஞ்சள் சுவர்த்தாள் ஒட்டிய பின்னறையில் அது நின்றது. கறுப்பு அரக்குப் பூச்சு. அதன்மேல் பொன்நிறத்தில் சீனக் கோபுரம், வளைந்த பாலம், பாலத்தில் குடை பிடித்த ஐந்து பேர். முன்னூறு வருடத்துக்கு முன், சீனாவைக் கண்ணாலும் காணாத ஒரு ஜெர்மன்காரன் கீறியது. அதனாலோ என்னவோ, அந்த முகங்கள் எந்த ஊர் முகமாகவும் இல்லை. புழுங்கிய மரமும் கற்பூரமும் கலந்த மணம் வந்தது.

அளந்து முடித்தோம். நாலு மணிக்குக் கிண்டர்கார்டன் பூட்டிவிடும். மகள் ஆதினி காத்திருப்பாள். அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே உதய் அலுமாரியைப் பார்த்துக் கை காட்டினார்.

“சரி அண்ணைமாரே, போட்டு வாறன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்த வீட்டிலை ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போறதெல்லோ வழக்கம்? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?”

“கிழவியைத் தாட்டு ஒரு மாசமப்பா,” என்று சிரித்தார்.

வாசல் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தோம்.

மஞ்சள் சுவர்த்தாள். கறுப்பு அலுமாரி.

மறுபடி ஓடினோம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைக்குள்தான் வந்து நின்றோம். உதய் யன்னலால் குதித்தார். அறைக்குள்ளேயே விழுந்தார். கைபேசியில் சிக்னல் இல்லை. மணி மூன்றரை ஆகிவிட்டது.

“வாறன் எண்டு சொன்னனான்,” என்றார் உதய். “அதுதான் வந்துகொண்டே இருக்கிறம்.”

“அப்ப போறன் எண்டு சொல்லுங்கோ!”

சொன்னார். பத்துத் தரம் சொன்னார். கதவு எங்களை அங்கேயே கொண்டுவந்து விட்டது.

“நீர் சொல்லும்,” என்று கிசுகிசுத்தார். “நீர் வாக்குக் குடுக்கேல்லை. பிள்ளை தனிய நிக்கும்.”

கட்டினவரிடம் சொல்லக்கூடாத சொல் அது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதழுது சொன்னேன்.

“போறன்.”

கதவு திறந்தது. முகத்தில் மழை அடித்தது.

என் கை வெறுமையாக இருந்தது.

பொலிஸ் வந்து வீடு முழுவதும் தேடியது. உள்ளே ஒருவரும் இல்லை என்றார்கள். நான் அலுமாரியை மட்டும்தான் பார்த்தேன். பாலத்தில் ஆறு பேர். ஆறாவது ஆளின் கையில் குடை இல்லை, அளவுநாடா இருந்தது.

அன்றைக்குக் காலை வேலைக்கு வெளிக்கிடும்போது ஆதினிக்கும் அவர் அதே வாக்கைக் கொடுத்திருந்தார். இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டில் திறப்பு திரும்பும். ஆளைக் காணாது. கற்பூர மணம் மட்டும் வரும். பிறகு அவர் குரல் கேட்கும்.

“போட்டு வாறன்.”

நான் வாயே திறப்பதில்லை. நேற்று ஆதினி என்னை முந்திக்கொண்டாள்.

“ஓம் அப்பா, நானும் வாறன்.”

இன்று காலை அவளைக் கிண்டர்கார்டனுக்குக் கூட்டிப் போக வாசல் கதவைத் திறந்தேன்.

வெளியே மஞ்சள் சுவர்த்தாள்.

என் கையை உதறிவிட்டு, அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.