மருந்துத் திருத்தம்

"ஒன்பது நாப்பதுக்கு எங்க இருந்த?" என்று கேட்டான் செல்வின்.

திரையில் அவன் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டில் இருந்த காப்பு வேறொன்றைச் சொன்னது. அவனுடைய நாடி அதன் உட்புறத்தில் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டு. இந்தக் கேள்வியை அவன் பகல் முழுவதும் மனதில் வைத்திருந்திருக்க வேண்டும்.

"லேப்லதான் இருந்தேன். வேற எங்க போவேன்?"

"நேத்தும் அதே நேரம். முந்தாநாளும் அதே நேரம். உன் துடிப்பு நூத்துப் பன்னெண்டுக்கு ஏறுது. பதினொரு மணி வரைக்கும் இறங்கல. தண்ணியச் சோதிச்சுப் பாக்கிறதுல அப்படி என்ன இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கூட யாரு இருந்தா?"

"இசக்கிமுத்து அண்ணாச்சி. எப்பவும் அவருதான இருப்பாரு."

மணிக்கட்டில் அவன் துடிப்பு நூற்று நான்காயிற்று. "சரி" என்று சொல்லிவிட்டு அவன் இணைப்பைத் துண்டித்தான்.

மணப்பாட்டுக் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடலில் மிதக்கும் காற்றாலைத் தீவில் செல்வின் பழுதுபார்ப்பவனாக இருந்தான். நான்கு மாதம் அங்கே, ஒரு மாதம் தூத்துக்குடியில். இணைக்காப்பு முதலில் இவனைப் போன்றவர்களுக்காகத்தான் வந்தது. கடலில் இருப்பவன் உயிரோடிருக்கிறானா என்று கரையில் இருப்பவள் தெரிந்துகொள்ள ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு. ஒருவர் நாடி மற்றவர் மணிக்கட்டில் அப்படியே தட்டும், அதன் எண்ணிக்கை விளிம்பில் ஒளிரும். பத்தே வருடங்களில் அது கல்யாணச் சாமானாகிவிட்டது. கோயிலில் பாதிரியார் தாலியோடு சேர்த்து அதையும் மந்திரிக்கிறார். சார்ஜ் போடுவதற்காகக் கழற்றி வைத்தால்கூட, இவர்களுக்குள் ஏதோ சரியில்லை என்று ஊர் பேசும்.

இரண்டு மாதங்களுக்கு முன் கதை நேர்மாறாக இருந்தது. ஜெசிந்தாவின் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டிருந்தது. முகம் வீங்கியது, முடி கொத்தாக உதிர்ந்தது, படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடானது. நாடி ஐம்பத்துநான்கு. அப்போதும் செல்வின் கேட்டான்: "என் குரலக் கேட்டா முன்னெல்லாம் எண்பதுக்குப் போவும். இப்ப அசையவே மாட்டேங்குதே, ஏன்?" டாக்டர் பர்வீன் ஒரு மாதத்துக்கு முன் புது மாத்திரைக்கு மாற்றினார். காலை ஆறரைக்கு, வெறும் வயிற்றில். சோர்வு போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவள் மாத்திரையைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு ஆய்வுக்கூடத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வுக்கூடம் அது. எதிர் மேசையில் இசக்கிமுத்து குழாய்களில் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் வறுகடலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. நான்கு வருடமாக அவரோடு வேலை செய்கிறாள். ஒருநாளும் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தாள். ஒன்பது நாற்பது. நெஞ்சுக்குள் பறவை ஒன்று சிறகடிப்பதுபோல் இருந்தது. உள்ளங்கை வேர்த்தது.

"என்ன தங்கச்சி, அப்படிப் பாக்குத?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அவள் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்கே பிடிக்கவில்லை. எனக்கே தெரியாமல் எனக்குள் ஏதாவது இருக்கிறதா? காப்பு பொய் சொல்லாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதைக் குறைத்தாள், மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். அவர் எழுந்து நடந்தாலே அவளுக்குப் படபடத்தது. அப்படிப் படபடக்கும்போதெல்லாம் கடலில் ஒருவன் அதைத் தெரிந்துகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் உடைந்தது. முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அடுக்களையில் தனியாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சரியாக ஒன்பது நாற்பதுக்கு அதே சிறகடிப்பு. சுற்றிலும் பார்த்தாள். இறாலையும் கத்தியையும் தவிர யாருமில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

திங்கட்கிழமை டாக்டர் பர்வீன் அவளைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் நடுங்கியது.

"மருந்து கூடிப்போச்சும்மா. ரத்தப் பரிசோதனையும் அதத்தான் சொல்லுது. இந்த மாத்திரையில வேகமா வேலை செய்யுற சரக்கும் கலந்திருக்கு. போட்ட மூணு மணி நேரத்துல உச்சத்துக்குப் போவும். அதான் நெஞ்சு அடிச்சுக்குது."

"அப்ப என் மனசுல ஒண்ணுமில்லையா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கேள்வியோடு வருபவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

"அளவக் கொறைக்கிறேன். உடம்பு நெலைக்கு வர ஆறு வாரம் ஆவும். நீயா நிறுத்திராத. அதுவரைக்கும் வேணும்னா காப்புக்கு மருந்துத் திருத்தம் எழுதித் தாரேன். கூடுற துடிப்பக் கழிச்சிட்டு மிச்சத்த மட்டும் அவருக்கு அனுப்பும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. எது மருந்தால ஏறுது, எது மனசால ஏறுதுன்னு அந்தக் காப்புக்குப் பிரிக்கத் தெரியாது. எல்லாத்தையும் கழிச்சிரும்."

"போடுங்க டாக்டர்" என்றாள் ஜெசிந்தா.

அன்று மாலை செல்வினின் முகம் வேறாக இருந்தது. "எழுபத்திரெண்டு. நாள் பூரா எழுபத்திரெண்டு. இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு ஜெசி." அவள் டாக்டர் சொன்னதையும், திருத்தம் போட்டதையும் விவரமாகச் சொன்னாள். அவனும் திருத்தத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். யார் எழுதிக் கொடுக்கலாம், எந்த மருந்துக்கெல்லாம் உண்டு, மருந்தின் பெயரை மற்றவருக்குக் காட்டுமா. தன் உடம்பின்மேல் உள்ள அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதன்பின் சண்டையே இல்லை. சில நாட்களில் அவனுடைய துடிப்பும் எழுபதில் வந்து நின்றது. அவளுக்கும் நிம்மதியாக இருந்தது.

நான்காவது வாரம், ஒரு பிற்பகலில், ஆய்வுக்கூடத்தை ஒட்டிய அறையில் குளோரின் கசிந்தது. மஞ்சள் பச்சையாக ஏதோ தரையில் படர்வதைப் பார்த்ததும் அவள் ஓடினாள். வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். மூச்சு அடைத்தது, நெஞ்சு வெடித்துவிடும்போல் அடித்தது. இசக்கிமுத்து ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வந்து, அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். புல்தரையில் இருமிக்கொண்டு கிடந்தபோது அவளுக்கு ஒரே நினைப்புதான் ஓடியது. செல்வினுக்கு இது தட்டியிருக்கும், இப்போது கூப்பிடுவான்.

அவன் கூப்பிடவில்லை. வழக்கம்போல் ஏழு மணிக்குத்தான் திரையில் வந்தான்.

"மத்தியானம் நல்ல தூக்கமோ? அவ்வளவு அமைதியா இருந்துச்சு."

அவள் நடந்ததைச் சொன்னாள். முழங்கைக் காயத்தைக் காட்டினாள்.

"காப்புல ஒண்ணுமே தெரியலையே ஜெசி."

"அதான் திருத்தம் போட்டிருக்குல்ல."

"இல்ல, இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருந்தா கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும்." பிறகு கேட்டான்: "அவருதான் தூக்கிட்டு வந்தாராக்கும்?"

அவள் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். மனைவி சாகக் கிடந்தாள் என்று கேட்ட ஒருவனின் நாடி எழுபதைவிட்டு அசையவில்லை. நம்பவில்லையா? கவலையில்லையா? எதுவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் பர்வீன் மறுபடி தாளை வைத்துப் பார்த்தார். தாள் அசையவில்லை. ரத்தமும் சரியாக இருந்தது. "அளவு சரியா நின்னுட்டு. இனி இந்த மாத்திரையத்தான் தொடரணும். திருத்தத்த நீயே எடுத்திரலாம்மா, வேலை முடிஞ்சுது."

வீட்டுக்கு வந்து ஜெசிந்தா காப்பின் திருத்தப் பக்கத்தை முதல்முறையாகத் திறந்தாள். இதுவரை அந்தப் பக்கத்துக்குப் போக அவளுக்குத் தேவை ஏற்பட்டதில்லை. டாக்டரே எல்லாம் செய்திருந்தார். மேலே எழுதியிருந்தது: இந்த இணையில் நடப்பிலுள்ள திருத்தங்கள், இரண்டு.

ஒன்று அவளுடையது. மற்றது செல்வினுடையது. தொடங்கி முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. மருந்தின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு அழைப்பு வந்தது.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"மருந்து மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா?"

"எனக்கு எதுக்கு மாத்திரை? கல்லு மாதிரி இருக்கேன்." அவன் சிரித்தான். எழுபது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். எழுபது, எழுபது, எழுபது.

"டாக்டர் என்ன சொன்னாங்க? திருத்தத்த எடுத்தாச்சா?"

அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த முறை மாத்திரை காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். கீழே, நீக்கு என்ற பொத்தான் இன்னும் அழுத்தப்படாமல் இருந்தது.

"இல்லங்க. இன்னும் ஆறு மாசத்துக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

செல்வின் தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சரி. இருக்கட்டும். நல்லதுதான்" என்றான்.