நான்காம் பக்கத்து நாற்பத்தொரு கொலைகள்

காலை பத்தே முக்காலுக்கு அருள்வாசகன் தன் மேலாளரை நாற்பத்தோராவது முறையாகக் கொன்றான். இந்த முறை பம்பு சோதிக்கும் தொட்டியில் தலையை அமுக்கி. குமிழி நின்றதும் மனசு லேசாகிவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சூலூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு விலைப்புள்ளி நினைக்கத் தொடங்கினான்.

கோவையின் அந்த நீரேற்றி நிறுவனத்தில் யாரும் எதையும் தட்டச்சு செய்வதில்லை. கழுத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணப்பட்டை, நினைப்பதைக் கோப்பாக்கிக் 'கூடம்' என்ற பொதுத்தளத்தில் போட்டுவிடும். வேலை நினைப்பு வேலை அறைக்கு. கோபம், ஆளுக்கொன்றாக இருந்த வடிகாலுக்கு. வடிகாலை யாரும் திறக்க முடியாது, கொட்டியவரே நினைத்தாலும் முடியாது. பதினோரு வருடமாக அங்கே ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை. அதற்காகக் கேடயம் கொடுத்திருந்தார்கள்.

போன மாதம் ஓசூர் வால்வு கம்பெனியை வாங்கினார்கள். அவர்களிடம் 'சந்தி' என்று வேறொரு தளம். அதில் வடிகால் கிடையாது, தேடல் உண்டு. ஒரு பெயரைத் தேடினால், அந்தப் பெயர் வரும் கோப்புகளை எல்லாம் அறை நடுவில் ஆளுயர உருவொளியாக நடித்தே காட்டும். இரண்டு தளத்துக்கும் பாலம் போடும் பொறுப்பு, "தம்பி, நீயே பாத்துக்க" என்று மேலாளர் சொன்னதில் அருள்வாசகன் தலையில் விழுந்தது. இணைக்க வேண்டிய அறைகளை ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டும். பன்னிரண்டாவது அறையில் இருக்கும்போது வாழைக்காய் பஜ்ஜி வந்தது. 'அனைத்தும்' என்று நினைத்துவிட்டு எழுந்து போனான்.

அன்று பதினோரு மணிக்குப் பாலம் திறப்பு விழா. மேலாளர் கலிங்கராயன் குத்துவிளக்கு ஏற்றினார். ஆறடி உயரம், தினமும் விடியலில் கர்லாக்கட்டை சுற்றுகிற உடம்பு.

"மொதல்ல என்னத்தைத் தேடறது?"

"உங்க பேரையே தேடுங்க சார். ராசியா இருக்கும்" என்றாள் வரைபடப் பிரிவு ஜெசிந்தா.

அவர் கண்ணை மூடித் தன் பெயரை நினைத்தார். சந்தி இனிமையான குரலில் சொன்னது: "முன்னூற்றுப் பன்னிரண்டு முடிவுகள். தரவரிசைப்படி, பக்கத்துக்குப் பத்து."

அருள்வாசகனுக்கு அப்போதுதான் பஜ்ஜி ஞாபகம் வந்தது. வடிகால்களும் பாலத்தில் ஏறிவிட்டன. அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று அவனுடையது. வேலை போகும், அதற்கு முன்னால் விலா எலும்பு போகும்.

முதல் உருவொளி எழுந்தது. கொள்முதல் தில்லைநாதன், கலிங்கராயனை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தள்ளிவிட்டார். விழுந்தவர் வெடித்தார். இரண்டாவதில் ஜெசிந்தா அவர் நெஞ்சில் சுழல்தண்டைச் செருகி, மோட்டாரை ஓடவிட்டு, வேகத்தைக் குறித்துக்கொண்டாள். மூன்றாவதில் சாதுவான காவல்காரர் அவரை இரும்பறுக்கும் ரம்பத்தால் இருபது துண்டாக்கி, ஒவ்வொன்றையும் உறையிலிட்டு முகவரி எழுதினார். ரத்தம் தரையில் ஓடி வந்து, நின்றிருந்தவர்களின் செருப்பை நனைக்காமல் கடந்து போனது.

"என்னப்பா தில்லை இது? நேத்துத்தான எம்பட பொறந்தநாளுக்குக் கேக் வெட்டுனே?"

"வெட்டறப்பவும் உங்களத்தானுங்க நெனச்சேன்."

கலிங்கராயனின் முதல் குத்தில் தில்லைநாதனின் முன்பல் இரண்டும் போயின. தரையில் கிடந்தபடியே அவர் தன் பெயரைத் தேடினார். எண்பத்தெட்டு. அதில் ஜெசிந்தா அவரை எண்ணெய்க் கொப்பரையில் பொரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவள் தலையில் நாற்காலியை இறக்கினார். அப்புறம் எல்லாரும் தேடினார்கள். அறை முழுக்கப் பிணங்களும் உயிருள்ளவர்களும் கலந்தார்கள். அழுத்தமானி பறந்தது. ஒருவர் தீயணைப்பானால் இன்னொருவரின் தாடையைப் பெயர்த்தார். பதினோரு வருடத்துக் கேடயம் யாரோ ஒருவரின் மண்டையில் இரண்டாக உடைந்தது.

அருள்வாசகன் மேசைக்கடியில் பதுங்கித் தன் முறைக்குக் காத்திருந்தான். வரவில்லை. மெதுவாகப் பட்டியலைப் புரட்டினான். அவனுடைய நாற்பத்தொன்றும் நான்காம் பக்கத்தில் தொடங்கின. இரண்டாம் பக்கத்துக்கே ஆள் போகவில்லை.

பிழைத்தோம் என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு பாதியிலேயே கசந்தது. தொட்டி யோசனை அப்படியொன்றும் மோசமில்லையே? சும்மா ஒரு ஆசைக்குத் தன் பெயரைத் தேடினான்.

பூஜ்யம்.

முன்னெழுத்தோடு தேடினான். முன்னெழுத்து இல்லாமல் தேடினான். பூஜ்யம்.

புருவம் கிழிந்த ஜெசிந்தா, மூச்சு வாங்க மேசைக்கடியில் நுழைந்தாள். கையில் நாற்காலிக் கால்.

"எனக்கு அறுபத்தேழு. உனக்கெத்தனை?"

அருள்வாசகன் இன்னொரு முறை தேடிப் பார்த்தான்.

"அட, சும்மா சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணு கூடவா? வாட்ச்மேன் சைக்கிளுக்கே நாலு இருக்குது!"

"ஏன், நீங்களாச்சும் ஒருவாட்டி..."

"கோவம்னு ஒண்ணு வந்தாத்தான அருளு" என்று பரிவோடு அவன் தோளைத் தட்டிவிட்டு, நாற்காலிக் காலோடு வெளியே ஓடினாள்.

அந்தப் பரிவுதான் தாங்கவில்லை. ஒளிந்திருந்தவன் வெளியே வந்தான். எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தண்டோடு பிடுங்கி, கலிங்கராயனின் முதுகில் இறக்கினான்.

"நாந்தான்! தொட்டியில அமுக்குனது நாந்தான்! நாப்பத்தோரு வாட்டி! நாலாம் பக்கம் போய்ப் பாருங்க!"

கலிங்கராயன் திரும்பினார். ஒரே குத்து. மூக்குத்தண்டு நொறுங்கிய சத்தம் அருள்வாசகனுக்கே கேட்டது. அவன் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, தொண்டையைப் பிடித்தார். சட்டையில் விளக்கின் எண்ணெய் வழிந்தது, விழி பிதுங்கியது. இத்தனைக்கு நடுவிலும் அவன் விடாமல் தேடிக்கொண்டிருந்தான்.

"சார்... இப்ப மனசுல... என்னயக் கொன்னீங்களா?"

"மூணு தடவை கொன்னுட்டன்டா! இது நாலாவது!"

"தேடிப் பாத்தனுங்க. வரலீங்களே."

ஓங்கிய முஷ்டி அந்தரத்தில் நின்றது. கலிங்கராயன் அவன் முகத்தில் இருந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஆறு வருடமாகத் தன் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

"உம்பேரு என்னப்பா?"